முதலில் நகல், பிறகு கோர்பூட்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய சிறிய மேசைக் கணினியில், அதை எழுப்பும் முதல் நிரலான பயாஸுக்குப் பதிலாகக் கோர்பூட் என்ற திறந்த மூல நிலைபொருளைப் போடலாமா என்று யாராவது கேட்டால், ‘மதர்போர்டு போய்விடும்’ என்ற பதில்தான் முதலில் வருகிறது. அது பாதி உண்மை. தவறான கோப்பை எழுதினால் கணினி எழாது, போர்டு கெடுவதில்லை. பழைய பயாஸின் நகல் கையில் இருந்தால், பயாஸ் பதிந்திருக்கும் ஃபிளாஷ் சிப்பில் அதைத் திரும்ப எழுதி மீட்டுவிடலாம். நகல் எடுக்காமல் இறங்கியவர்கள்தான் திரும்பி வர வழியின்றி நிற்கிறார்கள். அந்த ஒரு படியை வலியுறுத்தவே இக்கடிதம்.

கோர்பூட் 1999-இல் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2008-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. பிராசசர், ராம், சிப்செட் ஆகியவற்றைத் தயார்செய்துவிட்டு, மீதி வேலையைப் ‘பேலோடு’ எனப்படும் அடுத்த நிரலிடம் ஒப்படைத்துவிடும். இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ், ஐவி பிரிட்ஜ் பிராசசர் தலைமுறைகளில் ராமைத் தயார்செய்யும் பகுதிகூடத் திறந்த மூலமாகவே இருக்கிறது. எச்பி காம்பாக் 8200 எலைட், டெல் ஆப்டிபிளெக்ஸ் 9010 போன்றவை விரும்பப்படுவது இதனால்தான். மாடல் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஆப்டிபிளெக்ஸ் 7010 என்ற பெயர் 2012-இல் வந்தது. அதே பெயரை 2023-இல் வேறொரு கணினிக்கும் சூட்டினார்கள். எந்தத் தலைமுறை பிராசசர், எந்த போர்டு என்று பார்த்த பிறகே கோப்பைத் தேட வேண்டும்.

இனி நகல். எச்பி போர்டில் எஃப்டிஓ என்ற ஜம்பரும் (இரு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி), டெல் போர்டில் சர்வீஸ் மோட் ஜம்பரும் உண்டு. அதை மாட்டினால், சிப்பின் எந்தப் பகுதியைப் படிக்கலாம், எழுதலாம் என்று வரையறுக்கும் ஃபிளாஷ் டிஸ்கிரிப்டரின் பூட்டு விலகும். லினக்ஸ் கெர்னலை ‘ஐஓமெம்=ரிலாக்ஸ்டு’ என்ற அளவுருவுடன் எழுப்பினால், ஃபிளாஷ்ராம் நிரல் கணினிக்குள்ளிருந்தே சிப்பைப் படிக்கும். வசதியான வழிதான். ஆனால் கணினி எழாமல் போனபின் இந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. அதனால் சிப்பை வெளியிலிருந்து படித்து எழுதும் கருவியான புரோகிராமரும், அதைச் சிப்பின் கால்களோடு இணைக்கும் எட்டுக் கால் கிளிப்பும் பக்கத்தில் இல்லாமல் எதையும் எழுதத் தொடங்க வேண்டாம். பதினாறு கால் சிப் இருந்தால் கிளிப் வேறு.

மலிவாகக் கிடைக்கும் சிஎச்341ஏ புரோகிராமரின் கறுப்பு நிறப் பலகையில் ஒரு குறை உண்டு: சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும், தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வரும். அந்தக் காலத்து மேசைக் கணினிகளின் சிப்புகள் 3.3 வோல்ட்டுக்கானவை. பலகையைத் திருத்திப் பயன்படுத்தலாம். திருத்தத் தெரியாதவர் ராஸ்பெர்ரி பை பிகோவை எடுத்துக்கொள்வது நல்லது. மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். சிப்பின் மேல் உள்ள புள்ளி முதல் காலைக் காட்டும். கம்பிகள் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்; நீளம் கூடினால் படிப்பில் பிழை வரும். போர்டுக்குப் பவர் சப்ளை கொடுத்தபடியே புரோகிராமரின் 3.3 வோல்ட்டையும் இணைப்பது ஆபத்து.

இரண்டு முறை படித்து, கோப்பின் கைரேகை போன்ற ஷா256 எண்ணை ஒப்பிட்டால் போதும் என்பார்கள். போதாது. கிளிப் சரியாகப் பிடிக்காவிட்டால் கோப்பு முழுவதும் எஃப்எஃப் என்றே வரும். எத்தனை முறை படித்தாலும் ஷா256 ஒன்றாகவே இருக்கும்! கிளிப்பைக் கழற்றி மாட்டி மறுபடி படியுங்கள். பிறகு பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பைத் திறந்து, முதல் 16 பைட்டுகளை விட்டு அடுத்த நான்கைப் பாருங்கள்: 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் என்று இருக்க வேண்டும். கோர்பூட்டின் இஃப்டிடூல் என்ற நிரல் அதே கோப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டினால் நகல் நம்பத்தக்கது. ஆப்டிபிளெக்ஸ் 9010-இல் 8 மெகாபைட், 4 மெகாபைட் என இரண்டு சிப்புகள். இரண்டையும் தனித்தனியே படிக்க வேண்டும். எழுதும்போதும் 12 மெகாபைட் கோப்பின் முதல் 8 மெகாபைட் பெரிய சிப்புக்கு, கடைசி 4 மெகாபைட் சிறியதற்கு.

அந்த நகலில் பயாஸ் மட்டும் இல்லை. ஜிபிஇ என்ற 8 கிலோபைட் பகுதியில் நெட்வொர்க் கார்டின் தனி அடையாளமான மேக் முகவரி இருக்கிறது. வேறொருவர் தந்த கோப்பை முழுதாக எழுதினால் அவருடைய முகவரி உங்கள் கணினிக்கு வந்துவிடும். ஒரே நெட்வொர்க்கில் அப்படி இரண்டு கணினிகள் இருந்தால் இணைப்பு விட்டுவிட்டு அறும். கேபிளைச் சந்தேகித்துப் பயனில்லை. பிராசசரோடு தனியாக இயங்கும் நிர்வாக நிரலான இன்டெல் எம்இயின் பகுதியும் அந்த நகலில் இருக்கிறது. அதை முற்றிலும் அழித்தால் கணினி 30 நிமிடத்தில் தானே அணைந்துவிடும். எம்இ_கிளீனர் என்ற நிரல், கணினி எழுவதற்குத் தேவையான சிறு பகுதியை மட்டும் விட்டுவைத்து மற்றதை நீக்கும். அதுவே சரியான வழி.

பேலோடில் அவசரம் வேண்டாம். லினக்ஸ் மட்டும் என்றால் சீபயாஸ் அல்லது கிரப் என்ற பேலோடு போதும். பயாஸுக்கு அடுத்து வந்த யூஇஎஃப்ஐ முறையில் நிறுவிய விண்டோஸ் சீபயாஸில் எழாது. அதற்கு ஈடிகே2 என்ற பேலோடு வேண்டும். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இயங்குகிறதென்றால் மீட்புச் சாவியை முன்பே எழுதி வையுங்கள். நிலைபொருள் மாறியதும் அது சாவியைக் கேட்கும்.

முதல் முறை எழும்போது ராமைச் சோதித்துச் சீராக்க நேரம் பிடிக்கும். திரை கறுப்பாக இருக்கிறதென்று உடனே மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். ஒரு நிமிடமாவது பொறுத்திருங்கள். அப்போதும் எழவில்லையென்றால் ஒரே ஒரு ராம் பட்டையை வைத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கிளிப்பை மாட்டிப் பழைய நகலை எழுதிவிடுங்கள்.

இந்த வேலையை விளக்குவோர் பலர், சிப்பில் எழுதுவதற்கான கட்டளையில் தொடங்கி, நகலைக் கடைசி வரியில் எச்சரிக்கையாகச் சேர்க்கிறார்கள். தங்கள் நாளிதழில் இதுபற்றிக் கட்டுரை வெளியிட்டால் வரிசையை மாற்றிப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். நகல் கோப்பை அதே கணினியின் வட்டில் வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வன்பொருள் பணியில் உள்ள வாசகர்கள்