பிளாக் லோட்டஸ் விலை மட்டும்தான் செய்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மேஜிக் த கேதரிங் என்ற சீட்டாட்டத்தைப் பற்றி என்றாலே, அதன் அரிய சீட்டான பிளாக் லோட்டஸ் எத்தனை லட்சத்துக்குப் போனது என்றுதான் எழுதுகிறார்கள். கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம் இது. வழக்கமாக ஆளுக்குக் குறைந்தது 60 சீட்டு, 20 உயிர்ப்புள்ளி, எதிராளியின் புள்ளியைப் பூஜ்யமாக்கினால் வெற்றி, அதற்குள் எவ்வளவு கணக்கு! பழைய சீட்டுகள் சிலவற்றை இனி அச்சிடுவதில்லை என்று 1996-இல் ஆட்டத்தை வெளியிடும் நிறுவனமே பட்டியல் போட்டு வாக்குக் கொடுத்ததும் விலை ஏறியதற்கு ஒரு காரணம்.

அப்புறம் போலி வராமல் இருக்குமா? நானே நல்ல சீட்டு ஆறைக் கொடுத்து ஒன்று வாங்கி ஏமாந்தேன் (வீட்டில் இன்னும் சொல்லவில்லை). மாற்றிக்கொள்ளும் முன் பின்பக்கத்துப் பச்சை வட்டத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், அசலில் நான்கு சிவப்புப் பொட்டுகள் ஏறக்குறைய ‘ட’ வடிவில் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்