நறநறக்கிற காலும் மயக்க மருந்தும்

வவுனியா,
கார்த்திகை

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைச்சது. இங்கே காலபோக வயலெல்லாம் பச்சை, குளங்கள் வான் பாயப் பார்த்துக்கொண்டிருக்கு. சேற்றில் வெறுங்காலோடு நின்ற சீனி வருத்தக்காரர் கருகின காலோடு வாற காலமும் இதுதான்.

கிருமி தசையை அழுகவைச்சு உள்ளுக்குள் வாயுக் குமிழ் கட்டி, தொட்டால் தோலுக்குக் கீழே நறநறக்கிற காலை (gas gangrene) வெட்டித் துப்புரவாக்க எப்படி மயக்கம் கொடுக்கிறது என்று கேட்டிருந்தாய். வாயு என்றதும் எல்லாரும் மூச்சோடு கொடுக்கிற மயக்க வாயு நைட்ரஸ் ஒக்சைட்டைத்தான் பிடிச்சுக்கொள்ளுவினம். அதை விடத்தான் வேணும்: நைட்ரஜனைவிட இரத்தத்தில் 34 மடங்கு கரையிறதாலே, நைட்ரஜன் வெளியேற முன்னமே குமிழுக்குள் புகுந்து ஊதிப்போடும். ஒக்சிசன், காற்று, மூச்சோடு கொடுக்கிற மயக்க மருந்து ஐசோஃபுளூரேன் காணும். ஆனால் எனக்குக் குமிழைவிடப் பயம், மயங்க வைக்கிற அந்த இரண்டு நிமிடம்தான்.

மானிட்டரில் பிரஷர் 110 என்று நிற்கும். நம்பாதே, நாளங்கள் இறுகிப் பிடிச்சுக்கொண்டிருக்கிற பிரஷர் அது. மயக்க ஊசி புரொபோபோலின் வழமையான டோஸ் ஏறினால் பொத்தென்று விழும். ஊசி போட முன்னமே பிரஷரைத் தூக்கிற நோர்அட்ரினலின் ஓடவேணும், சராசரி அழுத்தம் 65க்குக் கீழே போகக்கூடாது. மயக்க ஊசிக்குக் கெட்டமின், கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். அதுவும் களைச்சுப்போன இதயத்தை அமத்தும் எண்டதை மறந்துபோறம்.

செத்த தசையும் உடையிற செங்குருதிக் கலமும் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏத்தும். அதனாலே, தசையைத் தளர்த்துற மருந்துகளில் பொட்டாசியத்தை இன்னும் கூட்டுற சக்சமெத்தோனியத்தைத் தொடாதே. அதுக்குப் பதிலாய் ரொக்குரோனியம் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம், உடனே மூச்சுக்குழாய்க்குள் ரியூப். ஈசிஜியில் டி அலை கூராய் நிமிர்ந்தால் பொட்டாசியம் கூடிப்போச்சு, இதயத்தைக் காக்க 10 சதவீத கல்சியம் குளுக்கோனேட் 10 மில்லிலீற்றர், மெல்ல மெல்ல.

"ஒரு கால்தானே, முதுகில் ஊசி போடுவமே" என்று யாரும் கேட்பினம். பிரஷர் இடிஞ்ச ஆளுக்கு, இரத்தம் உறையாத ஆளுக்கு, கிருமி இரத்தத்தில் ஓடுற ஆளுக்கு முதுகு வேண்டாம்.

காலை அழுகவைச்ச கிருமி குளொஸ்ரிடியம் என்றால் சிறுநீரைப் பார். பிளேன்ரீ நிறத்தில் வந்தால் அதன் நச்சு செங்குருதிக் கலத்தை உடைக்குது, ஹீமோகுளோபின் சில மணித்தியாலத்துக்குள் சரிஞ்சுபோகும். ஏத்துற இரத்தம் தியேட்டருக்குள் வந்திருக்கவேணும், எழுதிக் கொடுத்தது போதாது. கிருமிக்கு எதிரான பெனிசிலினோடு கிளின்டமைசினையும் வாட்டிலேயே தொடங்கு. நச்சு உண்டாகிறதைத் தடுக்கிறது கிளின்டமைசின்தான்.

செத்த தசையை வெட்டாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதே. ஏ9 வீதியில் அம்புலன்ஸ் ஓடுற நேரத்திலும் தசை செத்துக்கொண்டுதான் இருக்கும். 24 மணித்தியாலத்துக்குள் திரும்ப வெட்ட வேண்டிவரும், ரியூப்பைக் கழட்ட அவசரப்படாதே.

தை பிறக்க இந்தப் பக்கம் வா. குளத்து விரால் இருக்கு.

அன்புடன்,
உன் மச்சான்