ஒரே பானை, வேறு வேறு அளவு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தக் கடிதத்தோடு உணவுத் தேவைப் படிவம் ஒன்று வந்திருக்கிறது. "எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடத்தான் முதலில் தோன்றும். பேனாவை எடுக்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே பானையில் சமைப்பதில் தவறில்லை. பரிமாறும்போதுதான் கணக்கு பிசகுகிறது. வளர்கிற பையன் என்று அண்ணனுக்கு இன்னொரு முட்டை வைக்கிறோம். அக்காவுக்கு இது போதும் என்று விட்டுவிடுகிறோம். இரும்புச்சத்தைப் பொறுத்தவரை இது தலைகீழ். அமெரிக்கத் தேசிய அகாடமிகளின் பட்டியலில் 9 முதல் 13 வயது வரை இருபாலருக்கும் நாளுக்கு 8 மில்லிகிராம். 14 வயதில் வழி பிரிகிறது: பையனுக்கு 11, பெண்ணுக்கு 15. வளர்ந்த ஆணுக்கு மறுபடி 8. 19 முதல் 50 வயது வரை பெண்ணுக்கு 18. கர்ப்ப காலத்தில் 27. நாட்டுக்கு நாடு எண்கள் சற்று மாறும், ஏறி இறங்கும் போக்கு மாறாது. ஆக, வீட்டிலேயே அதிக இரும்பு தேவைப்படுவது அம்மாவுக்கும் பெரிய பெண்ணுக்கும். கடைசியாகச் சாப்பிட உட்காருவது யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தியாசம் மாதவிடாயால் வருவது. ஒரு மில்லி இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. ஒரு சுழற்சியில் 30–40 மில்லி போனால் 15–20 மில்லிகிராம் இரும்பு உடம்பை விட்டுப் போகிறது. அதை ஈடுகட்ட அதே அளவு சாப்பிட்டால் போதாது, ஏனென்றால் தாவர உணவில் இருக்கும் இரும்பில் சிறு பங்குதான் குடலில் ஏறும். அந்தச் சிறு பங்கையும் கெடுப்பது சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயும் காபியும். அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் கொடுக்க வேண்டாம். கூட்டுவதற்கும் வழி உண்டு: கீரை, பருப்பு, பயறு எதுவானாலும் கூடவே வைட்டமின் சி உள்ள ஏதாவது இருக்கட்டும். எலுமிச்சை என்றால் அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் சி-யில் ஒரு பகுதி வீணாகும். பயறை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட் குறையும்.

குறைபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? மாடி ஏறினால் மூச்சு வாங்கும், பாடத்தில் கவனம் நிற்காது, கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருக்கும். சாக்பீஸ், மண், ஐஸ்கட்டி என்று எதையாவது தின்னத் தோன்றும். சாக்பீஸ் தின்கிற பிள்ளையைத் திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். 100 மில்லி இரத்தத்தில் அது 5–11 வயதில் 11.5 கிராமுக்குக் கீழேயும், 12–14 வயதில் 12-க்குக் கீழேயும் இருந்தால் இரத்தசோகை. அதற்காக நீங்களாகவே மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அளவை மருத்துவர் சொல்லட்டும். மாத்திரை தொடங்கினால் மலம் கறுத்துப் போகும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேறு. அக்காவின் இரும்பு மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கும் இரண்டு வயதுத் தம்பிக்கு அது உயிருக்கே ஆபத்தான நஞ்சு. டப்பாவை உயரத்தில், பூட்டி வையுங்கள்.

பாலுக்கும் இதே கணக்குதான். 9 முதல் 18 வயது வரை கால்சியம் நாளுக்கு 1300 மில்லிகிராம் வேண்டும், அப்பா அம்மாவைவிட 300 அதிகம். 200 மில்லி பாலில் கிடைப்பது ஏறக்குறைய 240. எல்லாவற்றையும் பாலிலேயே அடைக்க நினைத்தால் ஐந்து டம்ளருக்கு மேல் ஆகும், அது நடக்கிற காரியமில்லை. தயிர், முள்ளோடு சாப்பிடும் சிறு மீன், எள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பசலைக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் கால்சியம் இருந்தாலும், கூடவே இருக்கும் ஆக்ஸலேட் என்ற பொருள் அதை உடம்பில் சேர விடாது. சோயாப் பால் வாங்குகிறவர்கள் கால்சியம் சேர்த்ததா என்று லேபிளைப் பாருங்கள். சேர்த்தது அடியில் படியும், குலுக்காமல் ஊற்றினால் கடைசி டம்ளருக்குத்தான் போகும். பதினான்கு வயதுக்கு இவ்வளவு வேண்டிய பால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் கெடுதல். வயிறு பாலிலேயே நிறைந்து சாப்பாடு இறங்காது, இரும்பு குறையும்.

புரதப் பவுடர் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். 4–13 வயதில் உடல் எடையில் கிலோவுக்கு 0.95 கிராம் புரதம் போதும். 30 கிலோ பிள்ளைக்கு 28, 29 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7, கெட்டியாக வெந்த பருப்பு அரைக் கப்பில் 8 முதல் 9. மீதி தானியத்திலேயே வந்துவிடும். பவுடருக்குச் செலவு செய்யத் தேவையில்லை. கிலோ கணக்கில் பார்த்தால் பேரனைவிடப் பாட்டிக்குத்தான் கூடுதல் புரதம் வேண்டும்: 65 வயதுக்கு மேல் 1 முதல் 1.2 கிராம் என்பது முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்களின் பரிந்துரை. பல் இல்லை, செரிக்காது என்று மாவுச்சத்தையே குழைத்துக் கொடுத்தால் தசை கரைந்து, எழுந்து நிற்கவே தடுமாறுவார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் அளவு.

ஒருவருடைய பத்தியம் வீட்டுக்கே பத்தியமாகிவிடுவது இன்னொரு பிசகு. உப்பைக் குறைப்பது எல்லோருக்கும் நல்லது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது, பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. ஆனால் அப்பாவுக்குக் கொழுப்பு கூடிவிட்டது என்பதற்காக இரண்டு வயது ஆகாத குழந்தைக்கும் கொழுப்பு நீக்கிய பால் கொடுக்காதீர்கள். மூளை வளரும் வயது அது. ஒரு வயதுக்குள் தேன் தொட்டுக்கூட வைக்க வேண்டாம். பால், முட்டை உட்பட விலங்குணவு எதுவும் தொடாத குடும்பங்களில் வைட்டமின் பி12 மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம்; தாவர உணவை நம்பி இருக்க முடியாது.

இனி படிவம். "பால் ஒத்துக்கொள்ளாது" என்று மட்டும் எழுதினால் எங்களுக்குப் புரியாது. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்பும் பிள்ளைக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் தயிரே மூச்சை அடைக்கலாம். இரண்டில் எது என்று தெளிவாக எழுதுங்கள். வேர்க்கடலை முதலிய ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு ஊசிகள் கொடுத்தனுப்புங்கள், காலாவதி தேதி தெரியும்படி. கோதுமை போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் உள்ள பிள்ளைக்குக் கோதுமை, பார்லி, ரை தானியம் இல்லாத சாப்பாடு கொடுத்தனுப்பினாலும், கோதுமை மாவு ஒட்டிய கரண்டியால் எடுத்து வைத்தால் அத்தனையும் வீண். தனிக் கரண்டி, தனி டப்பா. இதனால்தான் வகுப்பில் டப்பா மாற்றிச் சாப்பிட அனுமதிப்பதில்லை. கஞ்சத்தனம் கற்றுக்கொடுக்க அல்ல.

முதல் வகை சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் பையில் குளுக்கோஸ் மாத்திரை எப்போதும் இருக்கட்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்போம். மாத்திரை தீர்ந்துபோனால் 3, 4 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். சாக்லேட் வைத்து அனுப்பாதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்ற மாட்டோம். அப்போது என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பதை மருத்துவரின் கையெழுத்தோடு இணைத்து அனுப்புங்கள்.

மழலையர் வகுப்புப் பெற்றோர்கள் திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறி வையுங்கள். முழுக் கொட்டைகள் ஐந்து வயது வரை வேண்டாம்.

படிவத்தை இந்த வாரத்துக்குள் வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுங்கள். பிள்ளையின் பையில் போட்டால் பையிலேயே தங்கிவிடுகிறது. வருடத்தின் நடுவில் மருந்தோ அளவோ மாறினால் புதிய படிவம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்