தை ஒன்று, தெர் ஏழு

கண்ணு,

போன வாரம் அலமாரியைக் குடைந்து, என் பழைய கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாய். "இதுல 2007னு போட்டிருக்கே, நான் அப்பப் பொறக்கவே இல்லையே, அப்பவே அங்க போயிட்டியாம்மா?" என்றாய். நான் வாயெடுப்பதற்குள் அடுத்ததும் வந்தது: "பொங்கலுக்குக்கூட ஏன் வரல?" அன்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த 2007. நான் எத்தியோப்பியாவுக்குப் போனது 2014 அக்டோபரில். உனக்கு ஐந்து வயது. அவர்களுடைய நாள்காட்டி நாம் எழுதும் ஆண்டுக்கு ஏழெட்டு வருஷம் பின்னால் வரும். முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம், பிறகு ஐந்தோ ஆறோ நாள் மட்டும் உள்ள பதின்மூன்றாம் மாதம். அந்த நாட்டுக் கோண்டர் நகரில் பணியில் சேர்ந்த அன்று அலுவலகத்தில் தேதி போட்டுக் கொடுத்த தாள்தான் நீ எடுத்தது. நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முந்திய ஆண்டு. அதைக் கையில் வாங்கியதும் வயிறு கலங்கிவிட்டது. நீ இல்லாத காலத்துக்குள் வந்து விழுந்துவிட்டேனோ என்று இருந்தது.

ஏன் போனேன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். இங்கே நான் வேலை பார்த்த கல்லூரியில் ஏழு மாதச் சம்பளம் பாக்கி. அப்பாவின் தறி நின்றுபோன வருஷம் அது. உன்னை அம்மாயியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அங்கே மணிக்கணக்கும் வேறு. பொழுது விடிவதிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. முதல் வாரம் பிள்ளைகளிடம், "நாளைக்கு இரண்டு மணிக்குக் கூடுதல் வகுப்பு" என்றேன். மத்தியானம் போனால் ஒருத்தரும் இல்லை. அவர்கள் காலை எட்டு மணிக்கே வந்து காத்திருந்து போயிருக்கிறார்கள், அறுபது பேரும். மறுநாள் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை, எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நம் தாத்தா காலத்து நாழிகைக் கணக்கும் சூரிய உதயத்திலிருந்துதானே தொடங்கும் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அந்தக் கடிகாரம் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

இன்னொன்று. பத்து வருஷம் "தண்ணீரின் கொதிநிலை நூறு டிகிரி" என்று கரும்பலகையில் எழுதியவள் நான். கோண்டர் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆய்வகத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது வெப்பமானி 93ஐத் தாண்டவில்லை. காற்றழுத்தம் குறைவு, அதனால் சீக்கிரம் கொதித்துவிடும். புத்தகத்தில் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் குனிந்து பார்த்தேன்.

2015 ஜனவரி 15, வியாழக்கிழமை. நம் தை ஒன்று, அவர்களுக்குத் தெர் மாதம் ஏழு. செமஸ்டர் முடியவில்லை. லீவு கேட்டால் கிடைத்திருக்கலாம், டிக்கெட்டுக்குப் பணம் இல்லை. இதுதான் உன் கேள்விக்கு நேரான பதில். அந்தக் காசு வங்கித் தவணைக்குப் போயிற்று. கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்தேன், அழுதுகொண்டே போட்ட கணக்கு.

முந்தின நாள் சாயங்காலம் காப்புக் கட்ட ஆவாரம்பூ இல்லை, பூளைப்பூ இல்லை. நான் போய் இறங்கிய சமயம் மலைச்சரிவில் மஞ்சளாய் ஒரு பூ மிச்சமிருந்தது. அதெய் அபெபா என்பார்கள், அவர்களுடைய புத்தாண்டுப் பூ, செப்டம்பரில் பூப்பது. ஒரு பிடி பறித்து நோட்டுக்குள் வைத்திருந்தேன். அந்தக் காய்ந்த பூவைத்தான் நூலில் கட்டி வாசல் நிலையில் செருகினேன்.

வீட்டுக்காரம்மா எமாமா என்ன இது என்று எட்டிப் பார்த்தார். வயதான பெண்களை அங்கே எமாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவே இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை அம்ஹாரிக்கில் "நாளைக்கு எங்கள் பண்டிகை, சூரியனுக்கு" என்றேன். விடிகாலையில் அவரே முற்றத்தைக் கூட்டி, புல் பரப்பி வைத்திருந்தார். அங்கே விசேஷ நாளில் காபி போடும் இடத்தில் பச்சைப் புல் பரப்புவது வழக்கம். அவருடைய பேரன் ஒரு கரும்பைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான்.

கரி அடுப்பில் பால் வைத்தேன். நான் அரிசி களையத் திரும்பிய நேரத்தில் பால் பொங்கிவிட்டது! 93 டிகிரி ஊர். "பொங்கலோ பொங்கல்" என்று சொன்னேன். குரல் எழும்பவே இல்லை. எமாமா என்ன புரிந்துகொண்டாரோ, நாக்கைச் சுழற்றி "எல்ல்ல்" என்று குலவை விட்டார். நம் பக்கம் குலவை அவ்வளவு இல்லை, சிவகங்கைப் பக்கம் கேட்டிருக்கிறேன். அதே ஓசை. பக்கத்து வீட்டிலிருந்தும் பதில் குலவை வந்தது.

பால் பொங்கியதே தவிர, அந்தக் குறைந்த சூட்டில் அரிசி வேகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அம்மாயி கட்டிக் கொடுத்த கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையைப் போட்டுக் கிளறினேன். நல்லவேளை, வியாழக்கிழமை. புதனும் வெள்ளியும் அந்த ஊர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரதம், பாலும் நெய்யும் தொடமாட்டார்கள். எமாமா ஒரு கவளம் எடுத்தார், தான் சாப்பிடவில்லை, என் வாயருகே கொண்டுவந்தார். குர்ஷா என்பார்கள். பிரியப்பட்டவருக்குத் தன் கையால் ஊட்டுவது. வாயைத் திறந்தேன் கண்ணு. உனக்கு நான் ஊட்டியிருக்க வேண்டிய கவளம் அது. அதை யாரையோ பெற்ற தாய் எனக்கு ஊட்டுகிறாள். விழுங்க முடியவில்லை. அவர் பேசாமல் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்துத் திம்கெத், ஏசு ஞானஸ்நானம் பெற்றதைக் கொண்டாடும் திருவிழா. பாசிலிதஸ் மன்னர் குளத்தில் தண்ணீர் நிரப்பி, விடிய விடியப் பூசை செய்து, தீர்த்தம் தெளிப்பார்கள். ஊரே வெள்ளை உடையில் நிற்கிறது, எல்லார் தோளிலும் பிள்ளைகள். அதைப் பற்றி அதிகம் எழுத வரவில்லை.

பொங்கலன்று போனில் நீ என்னோடு பேசமாட்டேன் என்று அம்மாயி பின்னால் ஒளிந்துகொண்டாய். அங்கே பானை பொங்கியபோது நீ இரண்டு தடவை கத்தினாயாம், "ஒண்ணு அம்மாவுக்கு" என்று. அம்மாயிதான் சொன்னார்.

உன் கோபம் நியாயம். அதைக் குறைக்க இதை எழுதவில்லை. அந்தக் காய்ந்த பூ அதே கோப்பில், கடைசி உறைக்குள் இருக்கிறது. நீ அதைப் பிரித்துப் பார்த்திருக்கமாட்டாய். இந்தத் தடவை ஆவாரம்பூ பறிக்கப் போகும்போது என்னையும் எழுப்பு.

அம்மா