பிடித்த சம்பளம் யாருக்குச் சேரும்?

ஆசிரியருக்கு வணக்கம்,

பிரிட்டிஷ் பல்கலைக்கழக விரிவுரையாளர்களின் சம்பளப் பூசல் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். சங்கம் சொல்வதும் நிர்வாகம் சொல்வதும் விரிவாக இருந்தன. கட்டணம் கட்டிய மாணவர் தரப்புதான் இல்லை. 1986க்குப் பிறகு சட்டபூர்வ வேலைநிறுத்தத்தையே காணாத சிங்கப்பூரில் இது தொலைதூரச் சங்கதியாகத் தோன்றலாம். பிள்ளையை அங்கே அனுப்பியவர்களுக்கு அப்படியல்ல.

2023 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அங்கு 145 கல்வி நிலையங்களில் விடைத்தாள் திருத்தும் பணி புறக்கணிக்கப்பட்டது. அப்போது இறுதியாண்டில் இருந்த என் மகளின் ஆய்வேடு திருத்தப்படாமலே கிடந்தது. பட்டமளிப்பு விழாவில் கைக்கு வந்த உறையில் சான்றிதழ் இல்லை, ஒரு வாழ்த்து மடல் மட்டுமே. இங்கு அவளுக்கு வேலை தரவிருந்த நிறுவனமோ தேர்ச்சி நிலையைக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மாதம் பொறுத்தார்கள். பிறகு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். விரிவுரையாளர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் காலந்தள்ளுபவர் வேறென்ன செய்வார்? ஆனால், புறக்கணிப்பில் சேர்ந்தோரின் சம்பளத்தில் பாதியையும், சில இடங்களில் முழுவதையும் நிர்வாகங்கள் பிடித்துக்கொண்டன. எங்கள் கட்டணத்தில் ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை. அப்படிப் பிடிக்கும் தொகையைப் பாதிக்கப்பட்ட மாணவர்களுக்கே இழப்பீடாகத் தர வேண்டும். வெளிநாட்டு முதலாளிகள் ஏற்கத்தக்க தற்காலிகத் தேர்ச்சிக் கடிதத்தையும் பட்டமளிப்பு நாளுக்குள் வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தந்தை, ஈசூன்