காவிரிக்கு மசக்கை

திருவையாறு

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வீட்டில் வெள்ளையடிப்பு நடந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்தே காலத்தை ஓட்டாமல் ஒருவழியாக டாக்டரைப் பார்த்தாயே, அதுவே பெரிய விஷயம்டி.

ஆடிப்பெருக்குக்கு ஏன் புளிச்சாதமும் எலுமிச்சஞ்சாதமுமாகக் கட்டிக்கொண்டு போகிறோம், வடை பாயசம் ஏன் இல்லை என்று உன் மருமகள் கேட்டாளாமே. நல்ல கேள்வி. நம் பக்கத்தில் சொல்வது இதுதான்: காவிரிக்கு மசக்கை. வாய்க்குப் புளிப்பாகக் கேட்கும் பெண்ணுக்கு என்ன செய்து போடுவோமோ அதையே ஆற்றுக்கும் படைக்கிறோம். காதோலை கருகமணி விடுவதும் அந்தக் கணக்குத்தான். இப்போது வரும் புதுத்தண்ணீரில் நாற்று விட்டால், தையில் நெல் வீடு வந்து சேரும் வரை அவள் சுமக்க வேண்டுமே.

இதில் எனக்குப் பிடித்ததே, குருக்களும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம் என்பதுதான். படித்துறையில் ஒரு முழம் இடத்தைக் கழுவி, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, வாழையிலையில் காப்பரிசி, நாவல்பழம், விளாம்பழம் வைத்தால் முடிந்தது. வந்தவர்களில் மூத்தவள் எல்லோருக்கும் மஞ்சள் கயிறு கட்டிவிடுவாள். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, புடவையும் மாலையும் தாம்பூலமுமாகக் காவிரிக்குச் சீர் கொடுக்கிறார். பெருமாளானாலும் அண்ணன் கடமை விடாது போல!

முளைப்பாரிக்கு நவதானியத்தை வெயில் படாமல் மூடி வளர்ப்போம், முளை வெளிர்மஞ்சளாக நீண்டு நிற்கும். என் மாமியார் கையால் தடவிப் பார்த்து, "உளுந்து சரியில்லை, வேற விதை வாங்கு" என்பார். பக்தியோடு விதைச் சோதனையும் ஆயிற்று.

2024இல் நடந்தது நினைவிருக்கிறதா? ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் ஜூலை 28இல்தான் திறந்தது. ஆடி 18க்கு ஆறே நாள். கல்லணை தாண்டிவிட்டதா என்பதுதான் டீக்கடையில் பேச்சு. தண்ணீரே வராத வருஷங்களில் அடிபம்பில் பிடித்து வந்து படைத்திருக்கிறோம். சிலர் கேலி செய்வார்கள். செய்யட்டும். வராதவளைத்தானே கூப்பிட வேண்டும்.

கோபம் எல்லாம் கல்யாண மாலை மேல்தான். புதுத் தம்பதிகள் மாலையை ஆற்றில் விடுவது பழைய வழக்கம். அப்போது அது வாழைநாரும் பூவும். இப்போது நைலான் நூல், ஜிகினா, பிளாஸ்டிக் மணி. பூவை மட்டும் உதிர்த்து விடுங்கள் என்றால் அபசகுனம் என்கிறார்கள். மறுநாள் புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் வைக்க முடியாது.

காப்பரிசிக்குப் பச்சரிசியை ரொம்ப ஊறவிடாதே, குழைந்துவிடும். வெல்லம், எள், பொட்டுக்கடலை, தேங்காய்ப்பல், அவ்வளவுதான். அப்புறம், ஃபிளாட்டில் குடத்து நீரை வைத்துக் கும்பிடுவதற்குப் பதில் மருமகளை இங்கேயே கூட்டிக்கொண்டு வாயேன். ஆடி 17 சாயங்காலமே வந்துவிடுங்கள். மறுநாள் பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது.

உன்
சாரதா