பூக்கும் நாளைக் கேட்டிருந்தாய்

ஃபாயென்சா, இத்தாலி
பெப்ரவரி 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகள் இருவரும் அங்கே நலமாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறோம்.

படலையடியில் நிற்கும் வாதுமை மரம் பூத்திருந்ததை அம்மா படமெடுத்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு வடிவு! மார்ச் விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், தோட்டம் எந்தக் கிழமை பூக்குமென்று சொன்னால் அதற்கேற்ப ரிக்கற் எடுக்கலாம்" என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் நான் நேராகப் பதில் சொல்லாமல் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டதாக நீ குறைப்பட்டாய் என்று அம்மா சொன்னார். நீ வருவது எனக்கு விருப்பமில்லையோ என்று மட்டும் நினைத்துவிடாதே. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தோட்டத்தில் கொப்பு வெட்டி, பூப் பார்த்து, காய் கிள்ளி, பழம் ஆய்ந்து வந்த எனக்கு, என் மகள் கேட்ட ஒரு சின்னக் கேள்விக்கு விடை தெரியவில்லை என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நீ இங்கே பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள், இந்த நாட்டுத் தந்தையர் தினம். வகுப்பில் நீ வெட்டி ஒட்டிச் செய்த வாழ்த்து மட்டையை ஏந்திக்கொண்டு, வரும் வழியில் வரப்போரத்தில் ஒடித்த அப்ரிகொட் பூங்கொப்பு ஒன்றையும் சேர்த்து என்னிடம் தருவாய். ஓரிரு நாள் முன்பின் இருந்தாலும் அந்தத் திருநாளை ஒட்டி அப்ரிகொட் வெள்ளையாக விரிந்திருக்கும். அது உதிரத் தொடங்கும்போது பீச் மரங்கள் ரோசா நிறத்தில் எழும்பும். ஏப்ரல் பிற்பகுதியில் கோதுமை வயல்களின் ஓரத்தில் கசகசாவுக்கு இனமான காட்டுச் செடியின் சிவப்புப் பூக்கள் தலைகாட்டும், மே மாதத்தில் அக்காசியா மரங்களின் மணம் தெரு முழுக்க நிற்கும். ஒன்று முடிய மற்றது தொடங்கும் அந்த வரிசையை நாட்காட்டி போலவே நம்பியிருந்தோம்.

முதலாளிப் பெரியவரிடம் ஒரு பழைய கொப்பி இருப்பது உனக்கு நினைவிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் முதற் பூ விரிந்த நாளை அதில் பென்சிலால் குறித்து வைப்பார். சென்ற கிழமை அவர் அதை என்னிடம் தந்து புரட்டிப் பார்க்கச் சொன்னார். பழைய பக்கங்களில் மார்ச் பிற்பாதியாக இருப்பது, பின்னால் வர வர முற்பாதியாகிறது; அண்மைப் பக்கங்கள் சிலவற்றில் பெப்ரவரி என்றே இருக்கிறது. அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

முன்னதாகப் பூத்தால் நல்லதுதானே என்று நீ நினைக்கலாம். ஊரில் மழை இரண்டு நாள் முந்தினால் மகிழ்ந்த நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் இந்த மரங்களின் கணக்கு வேறு. அப்ரிகொட், பீச், செரி எல்லாம் குளிர்காலத்தில் உறங்கும் மரங்கள். 7 பாகைக்குக் கீழான குளிரில் இத்தனை மணி நேரம் கிடந்தால்தான் அவற்றின் மொட்டு விழிக்க ஆயத்தமாகும். சில இனங்களுக்கு அது 500 மணி நேரம், சிலவற்றுக்கு 1000 மணி நேரம் வரை. அந்தக் குளிர் நிறைந்த பிறகு எப்போது சூடு வருகிறதோ அப்போது பூக்கும். பெப்ரவரியிலேயே சட்டையின் கையை மடித்துவிட்டு வேலை செய்யும் அளவுக்கு வெயில் அடித்தால், வசந்தம் வந்துவிட்டது என்று மரம் நம்பி விரிந்துவிடுகிறது. குளிர்காலம் சரியாகக் குளிராமல் போன ஆண்டுகளில் நிலைமை இன்னும் மோசம்: ஒரே மரத்தில் ஒரு கொப்பு பூத்திருக்கும், மற்றக் கொப்பு மொட்டை உதிர்த்துவிட்டு வெறுமையாக நிற்கும்.

பூ முந்திவிட்டது, உறைபனி மட்டும் தன் பழைய வழக்கத்தை விடவில்லை. மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்து காற்றும் அசையாமல் நிற்கும் இரவுகள் இன்றும் வருகின்றன. அந்த இரவுகளில் நிலத்தின் சூடு முழுதும் மேலே போய்விட, குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்து இறங்கித் தாழ்ந்த காணிகளில் தேங்கும். மொட்டாக இருந்தால் மரம் அதைத் தாங்கும். விரிந்த பூவுக்கோ, பூ உதிர்ந்து தலைகாட்டிய பிஞ்சுக்கோ சுழியத்துக்குக் கீழே இரண்டு மூன்று பாகையே போதும்.

2020 மார்ச் கடைசிக் கிழமையை நான் மறக்கமாட்டேன். நோய்க்குப் பயந்து நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். தோட்ட வேலைக்கு மட்டும் அனுமதி இருந்தது. பீச் முழுதாகப் பூத்திருந்தது. அப்ரிகொட் பூ உதிர்த்துப் பிஞ்சு பிடித்திருந்தது. நள்ளிரவு தாண்டி வெப்பமானி இறங்கத் தொடங்கியதும் தண்ணீரைத் திறந்தோம். நீர் உறையும்போது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்தச் சூட்டை நம்பித்தான் குளிர் இரவில் தோட்டத்துக்குத் தண்ணீர் விசிறுகிறோம். தொடங்கினால் நிறுத்தக்கூடாது. காலையில் வெயில் ஏறிப் பனிக்கட்டி தானாகக் கழன்று விழும்வரை தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்; இடையில் நின்றால் தண்ணீர் விடாமல் இருந்ததைவிடக் கேடு. ஆனால் குழாய் போட்டிருந்தது தோட்டத்தின் ஒரு பகுதிக்குத்தான். மற்றப் பக்கத்தில் மரவரிசைகளுக்கிடையே மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்துவிட்டு, அணைந்ததை மறுபடி ஏற்றிக்கொண்டு, விடியும்வரை நடந்தோம்.

விடிந்தபோது தோட்டம் எப்படி இருந்தது என்று நினைக்கிறாய்? முதல் நாள் இருந்தது போலவே இருந்தது. அதே ரோசா நிறம், ஓர் இதழும் கறுக்கவில்லை. நான் தப்பிவிட்டோம் என்றே நினைத்தேன். பெரியவர் ஒரு பூவைக் கிள்ளி, பெருவிரல் நகத்தால் அடியில் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். நடுவில் இளம்பச்சையாக இருக்க வேண்டிய சூலகம், எரிந்த திரியைப் போலக் கறுத்துக் கிடந்தது. அடுத்ததைப் பிளந்தோம், அதுவும் கறுப்பு. பத்துப் பூவைப் பிளந்தால் ஒன்றிலோ இரண்டிலோ பச்சை இருந்தது. அந்தப் பூக்கள் இன்னும் நான்கைந்து நாள் மரத்தில் வடிவாகவே நின்றன. தெருவில் போனவர்கள் வாகனத்தை நிறுத்திப் படமெடுத்தார்கள். அதற்குப் பிறகு பூத்த தோட்டத்தின் படத்தைப் பார்த்தால் என்னால் உடனே மகிழ முடிவதில்லை, மகளே. அம்மா அனுப்பிய படத்துக்கு நான் ஒரு வார்த்தையும் எழுதாமல் இருந்ததற்கும் இதுதான் காரணம்.

ஓராண்டு கெட்டால் மறு ஆண்டு ஈடு செய்யும் என்பது பழைய நம்பிக்கை. 2021 ஏப்ரல் 7, 8 இரவுகளில் மறுபடியும் அதே கதை நடந்தது. இந்தப் பக்கம் மட்டுமல்ல, நாட்டின் பல பகுதிகளிலும் பழத்தோட்டங்களும் திராட்சையும் அடிபட்டன. காய் இல்லாவிட்டால் காய் கிள்ளும் வேலை இல்லை, பழம் ஆயும் வேலையும் இல்லை. எங்களைப் போன்ற பருவகாலத் தொழிலாளருக்கு வேலையற்ற மாதங்களுக்கான உதவிப்பணம் கிடைக்க ஈராண்டில் 102 நாள் வேலை பதிவாகியிருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அந்த ஆண்டுகளில் அம்மா சமையலறை நாட்காட்டியில் என் வேலை நாட்களை ஒவ்வொன்றாக வட்டமிட்டு எண்ணியதை நீ கேட்டிருந்தால் வருந்தியிருப்பாய் என்றுதான் சொல்லவில்லை.

பிறகு 2022இல் தண்ணீர் இல்லை. மலைகளில் பனி குறைந்ததால் வட இத்தாலியின் பெரிய ஆறான போ (Po) மணற்திட்டுகள் தெரிய வற்றிப்போனது. கடல் நீர் ஆற்றுவாய் வழியே உள்ளே ஏறியது. ஜூலை 4 அன்று வடக்கின் ஐந்து மாகாணங்களுக்கு அவசரநிலை அறிவித்தார்கள். எங்கள் சமவெளிக்கு வாய்க்கால் வழியாக வருவதும் போ ஆற்றுத் தண்ணீர்தான். அடுத்த வசந்தத்தில், 2023 மே மாதத்தில், அதே நிலத்தில் வானம் உடைந்தது. மாதத் தொடக்கத்தில் ஒருமுறை, 16, 17இல் மறுமுறை. இருபத்துமூன்று ஆறுகள் கரை புரண்டன. எங்கள் மாகாணமான எமிலியா-ரொமாஞாவில் பதினேழு பேர் இறந்தார்கள். எங்கள் லமோனே ஆறு ஃபாயென்சா நகருக்குள்ளேயே புகுந்தது. நாங்கள் நலம் என்று அப்போது குறுஞ்செய்தி அனுப்பினோம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மையல்ல.

கருவிகள் வைக்கும் கொட்டிலின் சுவரில் சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது, என் மார்புக்குச் சரியாக. இருமுறை வெள்ளை அடித்தும் அது மங்கலாக வெளியே வருகிறது. தாழ்ந்த காணியிலிருந்த அப்ரிகொட் மரங்கள் வெள்ளம் வடிந்தபோது பச்சையாகத்தான் நின்றன. ஆற்று வண்டல் காய்ந்து சீமெந்து போல இறுகி வேர்கள் மூச்சுவிட வழியில்லாமல் போனதால், காய் முற்றும் நேரத்தில் இலை சுருண்டு வரிசை வரிசையாகப் பட்டுப்போயின. நான் வந்த இரண்டாம் ஆண்டில் என் கையால் நட்ட கன்றுகள் அவை. அவற்றைப் பிடுங்கும் இயந்திரம் வந்த நாளில் பெரியவர் எனக்கு விடுப்புத் தந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே தந்தார். 2024 செப்டெம்பரில் ஆறு மறுபடியும் பெருகியபோது அந்தக் காணியில் இழக்க ஒன்றும் இருக்கவில்லை. இப்போது அங்கே கோதுமை நிற்கிறது. மறுபடி மரம் வைப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. கன்று வைத்தால் நல்ல விளைச்சலுக்கு நான்கைந்து ஆண்டு செல்லும். அந்த நான்கைந்து ஆண்டில் என்ன வானம் இருக்கும் என்று யாரிடம் கேட்பது என்றார் பெரியவர்.

என் தந்தையார் யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் வாடைக்காற்றையும் சோளகக் காற்றையும் முகத்தில் உணர்ந்தே நாற்றுப் போடும் நாளைச் சொல்வார். அந்த அறிவை நான் கொண்டுவர முடியவில்லை, இந்த மண்ணுக்கு உரியதைப் புதிதாகக் கற்றேன். "மார்ச் 21, புனித பெனடிக்ட் நாள், தகைவிலான் கூரைக்கடியில்" என்று பெரியவரின் மனைவி சொல்லச் சொல்லக் குருவி பார்க்கக் கற்றேன். கற்ற அறிவு என் கண் முன்னாலேயே பொருந்தாமல் போகிறது என்பதுதான், இழந்த கூலியைவிட, என்னை இரவில் எழுப்பி வைக்கிறது. என் பேரப்பிள்ளைகளுக்கு நான் கொடுக்க வைத்திருந்தது அதுதான்.

கனடாவுக்கே வந்துவிடுங்கள் என்று நீ சொல்வதை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. அது நேரில் இருந்து பேச வேண்டிய பேச்சு.

உன் கேள்விக்கு வருகிறேன். மார்ச் விடுமுறைக்கே வாருங்கள், ரிக்கற்றை இப்போதே எடுத்துவிடு. பூவைப் பார்த்து நாள் குறிக்கக் காத்திராதே. மொட்டுகள் இந்தக் கிழமை வீங்கத் தொடங்கிவிட்டன. இதே வெயில் நின்றால் நீங்கள் வரும்போது அப்ரிகொட் பூ உதிர்ந்திருக்கும், பச்சைப் பிஞ்சைத்தான் பார்ப்பீர்கள். குளிர் திரும்பினால் பூவைப் பார்க்கலாம். பெப்ரவரியின் கடைசி மூன்று நாளும் மார்ச்சின் முதல் மூன்று நாளும் இங்கே தோட்டந்தோறும் வெட்டிய கொப்புகளைக் குவித்துத் தீ மூட்டி மார்ச் மாதத்தை வரவேற்பார்களே, ஊர்க் கோயில் சொக்கப்பானையைப் போல என்று நீ சின்ன வயதில் சொல்வாயே, அதை நீங்கள் பார்க்க முடியாது என்பது எனக்குக் குறைதான். நீங்கள் நிற்கும் நாட்களில் உறைபனி இரவு வந்தால் நான் வீட்டில் இருக்கமாட்டேன். பிள்ளைகளுக்கு அதை முன்கூட்டியே சொல்லி வை. காலையில் வந்து மூத்தவளை மட்டும் கூட்டிக்கொண்டு போய், பூவை நகத்தால் பிளந்து உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்க்கப் பழக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். ஒன்பது வயதில் அவளுக்கு அது விளங்கும்.

தோட்டம் இப்போது ஒரே சேறு. சின்னவனின் கால் அளவை எழுதி அனுப்பச் சொல்லி அம்மா கேட்கிறார். சனிக்கிழமைச் சந்தையில் றப்பர் சப்பாத்து வாங்கி வைக்கவாம்.

அன்புடன்,
அப்பா